வேலைக்குப் போய்க்கொண்டே ஏசிசிஏ: எங்கே பிழைக்கிறது, எப்படித் திருத்துவது

யாழ்ப்பாணத்தில் ஓடிட் கந்தோரிலோ வங்கியிலோ கடைக் கணக்குப் பகுதியிலோ வேலை செய்துகொண்டு ஏசிசிஏ என்ற பிரித்தானியக் கணக்காளர் தொழிற்பரீட்சைக்குப் படிக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "நேரமில்லை". அது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் எதனால் வந்தது என்று பாராமல் பனடோல் போட்டால் நாளைக்கும் காயும். நேரம் குறைவுதான், ஆனால் ஒரே அளவு நேரம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் பாஸ், மற்றவர் 43 புள்ளி என்றால் பிழை வேறெங்கோ இருக்கிறது. ஆகவே கீழே அறிகுறிகளைத் தலைப்பாக வைத்திருக்கிறோம். உங்களுடையதைத் தேடி அங்கிருந்து வாசியுங்கள். முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை.

அதற்கு முதல் ஒரு சின்னப் பரிசோதனை. கடந்த 14 நாளில் புத்தகத்தை மூடி, கடிகாரம் வைத்து, விடை எழுதி, திருத்தியும் முடித்த கேள்விகளின் புள்ளிகளைக் கூட்டுங்கள். வாசித்தது, வகுப்புக் கேட்டது, விடையைப் பார்த்துத் தலையாட்டியது எதுவும் சேராது. கூட்டுத்தொகை 100 புள்ளிக்குக் குறைவு என்றால், மற்ற எந்த அறிகுறி இருந்தாலும் இரண்டாவதாக உள்ளதை முதலில் சரிசெய்யுங்கள். 100 புள்ளி என்பது மூன்று மணித்தியால வேலை. இரண்டு கிழமையில் அதுகூட இல்லையென்றால் நீங்கள் பரீட்சைக்குப் படிக்கவில்லை, பாடத்தைச் சுற்றிப் பார்க்கிறீர்கள்.

"புத்தகத்தைத் திறந்தால் நித்திரை வருது"

இது சோம்பல் இல்லை. நாள் முழுக்க வவுச்சரும் வங்கிக் கணக்கிணக்கமும் பார்த்த தலையை, இரவு புட்டும் கறியும் சாப்பிட்ட பிறகு, கூட்டு நிதிக்கூற்றுக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தினால் வேறென்ன நடக்கும்? புதிய பாடம், நீண்ட கேள்வி, ஆங்கிலத்தில் எழுத வேண்டிய விடை, மூன்றையும் விடியப்புறத்துக்கு மாற்றுங்கள். 4.45 முதல் 6.15 வரை ஒன்றரை மணித்தியாலம், கிழமையில் ஐந்து நாள் என்றால் ஏழரை மணித்தியாலம். சனி மூன்று, ஞாயிறு ஐந்து சேர்த்தால் பதினைந்தரை. இப்படிப் பதினான்கு கிழமை ஓடினால் 217 மணித்தியாலம் வரும். அதில் கால்வாசி கலியாணம், செத்தவீடு, காய்ச்சல் என்று போனாலும் எஃப்ஆர் (நிதி அறிக்கையிடல்) போன்ற ஒரு தாளுக்கு 160 மணித்தியாலம் மிஞ்சும். அது போதும்.

இரவுக்கு இலேசான வேலையை வையுங்கள்: இரண்டு புள்ளிக் கேள்விகள் பத்து, 36 நிமிடம். அதையும் சாப்பாட்டுக்கு முதல் முடியுங்கள். பத்து மணிக்கு முதல் படுக்காவிட்டால் விடியப்புறத் திட்டம் மூன்றாம் நாளே படுத்துவிடும்.

காலைச் சமையலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதும் உங்கள் தலையில் என்றால் இந்த விடியப்புறக் கதை சரிவராது, அதைச் செய்யச் சொல்வதும் நியாயமில்லை. உங்களுக்கு வேலை முடிந்த கையோடு வரும் ஒரு மணித்தியாலம்தான் பொன். வீட்டுக்குப் போய்விட்டு இருக்கலாம் என்றால் அந்த நேரம் திரும்ப வராது. கந்தோர் மேசையிலோ, பொது நூலகத்திலோ, ஒரு கேள்வியை எழுதி முடித்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

மார்ச் சிட்டிங்குக்கு, அதாவது மார்ச் பரீட்சைத் தவணைக்கு, படிப்பவர்கள் மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியை எதிர்த்துச் சண்டை பிடிக்க வேண்டாம். திருவெம்பாவைப் பத்து நாளும் சங்கும் சேமக்கலமும் எப்படியும் எழுப்பும். எழும்பினதை வீணாக்காமல், அந்த நாட்களில் வாசிப்பை விட்டுக் கணக்கு மட்டும் செய்யுங்கள். சத்தத்துக்குள் கணக்கு ஓடும், விளக்க விடை ஓடாது.

"பாடம் முழுக்க முடிச்சாச்சு, ஆனா 42, 46, 44"

மிகவும் பரவலான அறிகுறி இதுதான். பாஸ் 50. நாற்பதுகளில் திரும்பத் திரும்ப நிற்பவருக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தெரிந்ததைப் புள்ளியாக மாற்றுகிற பழக்கம் இல்லை. ஞாயிறு ஆறு மணித்தியாலம் ஒன்லைன் வகுப்புக் கேட்டால் "படிச்சேன்" என்ற நிறைவு வந்துவிடுகிறது. கணக்கீட்டு மொழியில் சொன்னால், சரக்கு வந்துகொண்டே இருக்கிறது, விற்பனை நடக்கவில்லை.

திருத்த வேண்டிய முதல் விடயம் விகிதம். முதல் ஏழு கிழமை பாதி வாசிப்பு, பாதி கேள்வி. அடுத்த ஏழு கிழமை முக்கால்வாசி கேள்வி. பாடத்திட்டம் முடியவில்லை என்பதற்காக இந்த எல்லையைத் தள்ளக்கூடாது. கடைசி இரண்டு அதிகாரத்தைக் குறிப்பு அளவில் தாண்டினாலும் பரவாயில்லை.

இரண்டாவது, பிழைக் கொப்பி. எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரி: திகதி, கேள்வி, இழந்த புள்ளி, ஏன். அந்த "ஏன்" நான்கில் ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும்: விதி தெரியாது, கேள்வியைப் பிழையாக வாசித்தேன், கூட்டல் கழித்தல் பிழை, நேரம் போதவில்லை. "கவனக்குறைவு" என்று எழுதத் தடை. அது காரணமே இல்லை, மன்னிப்புக் கேட்கிற சொல். மூன்று கிழமையில் நாற்பது வரி சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். விதி தெரியாதது பாதிக்கு மேல் என்றால் மட்டும் பாடப் புத்தகத்துக்குத் திரும்புங்கள். நாற்பதுகளில் நிற்பவர்களுக்குப் பிழையாக வாசித்ததும் நேரமும்தான் கூடுதலாக வருவது வழமை. அவர்கள் திரும்பவும் முதலாம் அதிகாரத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவது, டயர் காற்றுப் போனதற்கு எஞ்சின் ஒயில் மாற்றுகிற வேலை.

மூன்றாவது, திருத்துகிற விதம். விடையைப் பார்த்து "ஓ, இதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். பிழைத்த கேள்வியை மூன்று நாள் கழித்து வெறும் தாளில் திரும்பச் செய்யுங்கள். திரும்பவும் பிழைத்தால் பத்து நாள் கழித்து இன்னொரு தரம். பரீட்சகர் அறிக்கைகளை ஏசிசிஏ இலவசமாக வெளியிடுகிறது. உங்கள் தாளுக்குரிய கடைசி நான்கையும் வாசித்தால், ஒரே முறைப்பாடு நான்கிலும் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அந்த முறைப்பாடுகள்தான் உங்கள் 44க்கும் 50க்கும் இடையில் கிடப்பவை.

"நேரம் முடிஞ்சுது, கடைசிக் கேள்வி தொடவே இல்லை"

கணக்கு எளிது. மூன்று மணித்தியாலம், 100 புள்ளி, ஒரு புள்ளிக்கு 1.8 நிமிடம். எஃப்ஆர், பிஎம் (செயலாற்றுகை முகாமை), எஃப்எம் (நிதி முகாமை) மூன்றிலும் முதற்பகுதி 30 புள்ளிக்கு 54 நிமிடம், இரண்டாம் பகுதிக்கு இன்னொரு 54, இருபது புள்ளிக் கேள்வி இரண்டுக்கும் 36, 36. மேல்நிலைத் தாள்களில் மூன்றேகால் மணித்தியாலம், அங்கே புள்ளிக்கு 1.95 நிமிடம்.

பலர் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள், செய்ய மாட்டார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்று: ஐந்தொகை பொருந்தவில்லை என்று தேடப் போவது. பரீட்சையில் ஐந்தொகை பொருந்துவதற்கென்று தனிப் புள்ளி இல்லை. கந்தோரில் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு இரவு எட்டு மணி வரை இருக்கப் பழகிய கைக்கு இது கஷ்டமான பாடம். 36ஆம் நிமிடத்தில் விட்டுவிட்டுப் போங்கள். நீண்ட கேள்வியில் முதல் படியில் பிழைத்த எண்ணை வைத்து அடுத்த படியை முறைப்படி செய்தால் அந்தப் படிக்குரிய புள்ளி கிடைக்கும். தெரிவுக் கேள்வியில் அப்படிச் சலுகை இல்லை, இரண்டு அல்லது பூச்சியம். ஆனால் பிழைக்குப் புள்ளி கழிப்பதும் இல்லை. அதனால் ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

இன்னொரு காரணம் தட்டச்சு. பரீட்சை கணினியில், பழக்கமோ பேனையில். ஏசிசிஏ தரும் பயிற்சித் தளத்தில், பரீட்சையில் வரும் அதே விரிதாள்ப் பெட்டியிலேயே கடைசி ஆறு கிழமையும் கேள்வி செய்யுங்கள். கல்குலேற்றரில் போட்டு விடையை மட்டும் தட்டாமல், கலத்துக்குள்ளேயே =60*20/120 என்று எழுதுங்கள். திருத்துபவருக்கு அந்தச் சூத்திரம் தெரியும். எண் பிழைத்தாலும் வழி தெரிந்தால் புள்ளி வரும்.

"குழுமக் கணக்கு என்றாலே எல்லாம் குழம்புது"

குழம்புகிற இடம் பெரும்பாலும் நான்குதான். ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்.

தாய் நிறுவனம், சேய் நிறுவனத்தின் 80 சதவீதத்தை ஒக்டோபர் 1இல் 800 இலட்சம் கொடுத்து வாங்குகிறது. ஆண்டு முடிவு மார்ச் 31. சேயின் பங்கு மூலதனம் 300 இலட்சம். மார்ச் 31இல் நிறுத்திவைத்த இலாபம் 600, அதில் இந்த ஆண்டு இலாபம் 240, ஆண்டு முழுக்கச் சீராக உழைத்தது. வாங்கிய நாளில் கட்டடத்தின் நியாயப் பெறுமதி 40 இலட்சம் கூட, மிச்ச ஆயுள் 20 ஆண்டு. சிறுபான்மைப் பங்கின் நியாயப் பெறுமதி 190. வாங்கிய பிறகு சேய் தாய்க்கு விற்ற பொருளில் 60 இலட்சம் இன்னும் தாயின் களஞ்சியத்தில் கிடக்கிறது, கிரயத்தின் மேல் 20 சதவீதம் வைத்து விற்றது.

முதல் குழப்பம், திகதி. வாங்கிய நாளில் நிறுத்திவைத்த இலாபம் 600 இல்லை. 600இலிருந்து ஆறு மாதத்து 120 கழிய 480. அப்போது தேறிய சொத்து 300, 480, 40 சேர்த்து 820. நன்மதிப்பு (குட்வில்), 800ஐயும் 190ஐயும் கூட்டி 820ஐக் கழிக்க 170 இலட்சம். 480க்குப் பதில் 360 என்று எழுதுகிறவர்கள் ஆண்டு இலாபம் முழுவதையும் கழித்தவர்கள். கேள்வியைத் திறந்ததும் ஒரு கோடு கீறி மூன்று திகதியையும் குறித்தால் இந்தப் பிழை வராது.

இரண்டாவது, கிரயத்தின் மேல் 20 சதவீதமா, விற்பனை விலையில் 20 சதவீதமா என்பது. கிரயத்தின் மேல் என்றால் 60இன் 20/120, அதாவது 10 இலட்சம். விற்பனை விலையில் என்றால் 12. கேள்வியில் மார்க் அப் (கிரயத்தின் மேல்), மார்ஜின் (விற்பனை விலையில்) என்ற இரண்டு சொல்லில் எது நிற்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, யார் விற்றது? இங்கே விற்றது சேய். ஆகவே அந்த 10 சேயின் இலாபத்திலிருந்து கழியும். வாங்கிய பின் இலாபம் 120, அதில் 10 போக 110. கட்டடத்தின் மேலதிகப் பெறுமானத் தேய்வு ஆண்டுக்கு 2, ஆறு மாதத்துக்கு 1. மிச்சம் 109. தாயின் பங்கு 87.2, சிறுபான்மைப் பங்கு 21.8. விற்றது தாயாக இருந்திருந்தால் 10 முழுவதும் தாயின் இலாபத்தில் போய், சேய் 119இல் நின்றிருக்கும், சிறுபான்மைக்கு 23.8 வந்திருக்கும். பலர் இந்த இரண்டையும் பாடமாக்கி வைத்துப் பரீட்சையில் மாற்றிப் போடுவார்கள். பாடமாக்க வேண்டாம். யாருடைய புத்தகத்தில் அந்த இலாபம் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டால் போதும், பதில் தானாக வரும்.

நான்காவது, எதற்குக் காலப் பங்கீடு, எதற்கு இல்லை என்பது. சேயின் வருமானம், கிரயம், செலவு எல்லாம் 6/12. மேலதிகப் பெறுமானத் தேய்வும் ஆறு மாதம். ஆனால் களஞ்சியத்தில் கிடக்கும் 10ஐ ஆறு பன்னிரண்டால் பெருக்கக்கூடாது. அது ஆண்டு முடிவில் கண்ணுக்கு முன் கிடக்கும் பொருளின் இலாபம். வாங்கிய பின் நடந்த உள்விற்பனையையும் முழுவதாகவே நீக்க வேண்டும்.

இந்த ஒரு கேள்வியை எண்களை மாற்றி மாற்றி எட்டுத் தரம் செய்யுங்கள். நான்காவது தரத்தில் வேகம் வரும், எட்டாவதில் அலுப்பு வரும். அலுப்பு வந்தால் சரி.

"ஓடிட் கந்தோரில்தான் வேலை, ஆனா ஓடிட் தாள்தான் பெயில்"

யாழ்ப்பாணத்துச் சின்னக் கந்தோர்களில் பயிலுனர் கையில் வருவது பெரும்பாலும் கடைக்காரரின் பற்றுச்சீட்டுக் கட்டு, கணக்குத் தயாரிப்பு, வருமானவரிக் கோப்பு. அதெல்லாம் நல்ல அனுபவம், எஃப்ஏ (அடிப்படை நிதிக் கணக்கீடு), எஃப்ஆர் தாள்களில் கைகொடுக்கும். ஏஏ, அதாவது ஓடிட் தாள், கேட்பதோ இடர் எங்கே, அதற்கு என்ன சான்று, எந்தத் திசையில் தேடுவது என்று. "செக் த இன்வாயிசஸ்" என்று எழுதிப் பழகிய கைக்கு அங்கே கிடைப்பது அரைப்புள்ளி அல்லது ஒன்றுமில்லை.

ஒரு நடவடிக்கை முழுப் புள்ளி பெற மூன்று விடயம் அதில் தெரிய வேண்டும்: எந்த ஆவணத்தை எடுக்கிறோம், அதை எதோடு ஒப்பிடுகிறோம், அதனால் எதை நிறுவுகிறோம். கடன்கொடுத்தோரை எடுங்கள். நிறுவனம் கடனைக் குறைத்துக் காட்டத்தான் ஆசைப்படும். ஆகவே பேரேட்டில் உள்ளதை எடுத்து இன்வாயிசுக்குப் போனால் பயனில்லை. மறைத்தது பேரேட்டில் இருக்காதே! வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். வழங்குநர் அனுப்பிய மாதக் கூற்றை எடுத்து பேரேட்டு மீதியோடு இணக்கம் பார்த்தால் கடன் முழுவதும் பதிவாகியிருக்கிறதா என்பது தெரியும். மார்ச் 31க்கு முன்னும் பின்னுமாகப் பொருள் பெற்ற குறிப்புகளில் ஒரு மாதிரியை எடுத்து, எந்த ஆண்டில் பதிந்தார்கள் என்று பார்த்தால் காலவெட்டு விளங்கும். ஏப்ரலில் வங்கியால் போன பெரிய கொடுப்பனவுகளைப் பின்னோக்கிப் பார்த்து, அவை மார்ச்சுக்குரியவையா, அப்படியானால் அட்டுறு செலவாகக் காட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது மூன்றாவது. கடன்பட்டோருக்கு நேர்மாறு. அங்கே கூட்டிக் காட்டுவதுதான் பயம், எனவே பேரேட்டிலிருந்து வெளியே போக வேண்டும்.

"எங்கட ஒவ்வீஸில இப்படித்தான் செய்யிறது" என்ற வசனம் தலைக்குள் வந்தால் அந்த விடையை நம்பாதீர்கள். கேள்வியில் உள்ள நிறுவனத்தின் பெயரும் எண்ணும் விடையில் வராவிட்டாலும் நம்பாதீர்கள். எந்த நிறுவனத்துக்கும் பொருந்துகிற விடை, அந்த நிறுவனத்துக்குப் பொருந்தாது.

"விடை தெரியும், இங்கிலீஷில எழுத வருதில்லை"

உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம் வணிகம் படித்தவருக்கு இது வருவது இயல்பு. ஏசிசிஏ தாள் இலக்கணத்துக்குப் புள்ளி போடுவதில்லை. எழுத்துப் பிழையுள்ள சின்ன வசனம், திருத்துபவருக்கு விளங்கினால் போதும். இல்லாமற் போவது பெரும்பாலும் ஆங்கிலம் அல்ல, விடையின் எலும்புக்கூடு. மூன்று வசனப் பழக்கம் ஒன்றைப் பிடியுங்கள்: நியமம் என்ன சொல்கிறது, கேள்வியில் என்ன நடந்தது, ஆகவே கணக்கில் என்ன செய்ய வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒரு நிறுவனத்தின் பணிப்பாளர் சபை மார்ச் 20இல் வவுனியாக் கிளையை மூடுவதென்று தீர்மானிக்கிறது. ஊழியருக்கு அறிவித்தது ஏப்ரல் 5. ஆண்டு முடிவு மார்ச் 31. மூடும் செலவுக்கு ஏற்பாடு (ப்ரொவிஷன்) செய்யலாமா? சர்வதேசக் கணக்கீட்டு நியமமான ஐஏஎஸ் 37இன்படி, கடந்த நிகழ்வால் வந்த தற்போதைய கடப்பாடு இருக்க வேண்டும், பணம் வெளியே போகும் வாய்ப்புக் கூட இருக்க வேண்டும், தொகையை நம்பகமாக மதிப்பிட முடிய வேண்டும். இது முதல் வசனம். மார்ச் 31 வரை தீர்மானம் சபை அறைக்குள்ளேயே இருந்தது, யாருக்கும் எதிர்பார்ப்பு உண்டாகவில்லை, ஆகவே கடப்பாடு இல்லை. இது இரண்டாவது. எனவே இந்த ஆண்டில் ஏற்பாடு இல்லை, ஏப்ரல் அறிவிப்பு ஐஏஎஸ் 10இன்படி சீராக்கம் வேண்டாத பிந்திய நிகழ்வு, பெரிதென்றால் குறிப்பில் வெளிப்படுத்த வேண்டும். இது மூன்றாவது. முதலில் தமிழில் இந்த மூன்றையும் வாயால் சொல்லிப் பாருங்கள். தமிழில் மூன்றாவது வசனம் வராவிட்டால் பிரச்சினை மொழி இல்லை என்று தெரிந்துவிடும்.

கலைச்சொற்களுக்கு இருநிரல் கொப்பி வையுங்கள்: ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துச் சொல், மறுபக்கம் பரீட்சைச் சொல். பெறுமானத் தேய்வு டிப்ரிசியேஷன், அட்டுறு அக்ருவல், ஏற்பாடு ப்ரொவிஷன், ஒதுக்கம் ரிசர்வ். கடைசி இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் நிறைய.

ஒரு பொறி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே நாம் டெபிட்டை வரவு என்றும் கிரெடிட்டைச் செலவு என்றும் படித்தோம். தமிழ்நாட்டில் டெபிட் பற்று, கிரெடிட்தான் வரவு. தமிழ்நாட்டுக் காணொளியில் "வரவு வையுங்கள்" என்றால் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர்ப் பக்கம்! விளக்கம் தெளிவாகத்தான் இருக்கும், பதிவு மட்டும் தலைகீழாகப் போகும். கேட்பதென்றால் டெபிட், கிரெடிட் என்று பரீட்சைச் சொல்லிலேயே மனதுக்குள் மாற்றிக் கேளுங்கள்.

"ஒவ்வொரு தரமும் நல்லாத் தொடங்கி நடுவில விட்டுப்போகுது"

விட்டுப்போவது மனவுறுதிக் குறைவால் இல்லை, நாட்காட்டியால். மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசெம்பர் என்று நான்கு சிட்டிங் இருக்கிறது. ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்குப் பொல்லாதது.

ஓடிட் கந்தோரில் இருப்பவருக்கு டிசெம்பர்தான் மோசம். வருமானவரி விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30, பரீட்சை அடுத்த கிழமை. ஒக்டோபர், நவம்பர் முழுக்கக் கோப்புக் கட்டு. அதற்குள் மழை, கரண்ட் நிற்கும். டிசெம்பரை விட்டுவிட்டு மார்ச் எடுங்கள், டிசெம்பர் தொடக்கம் மூன்று மாதம் ஓரளவு அமைதி. வங்கிக்காரருக்கு இது தலைகீழ்: ஆண்டு முடிவு டிசெம்பர் 31, அதன் பின் கணக்காய்வு. அவர்களுக்கு ஜூன் நல்லது. மார்ச் 31இல் கணக்கு முடிக்கும் கம்பனியின் நிதிப் பகுதியில் இருந்தால் ஜூன் கஷ்டம், ஏப்ரல் மே இரண்டும் போய்விடும். செப்டெம்பருக்கு நல்லூர் இருக்கிறது. ஆடி, ஆவணியில் 25 நாள் திருவிழா, கோயிலைச் சுற்றி வீதி மறிப்பு, வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர், வீட்டில் ஓயாத சமையல். அது சரியாக மீட்டல் நடக்க வேண்டிய கிழமைகளில் விழும். நல்லூருக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் கேட்கப் போவதில்லை. கொடியேறுவதற்கு முதல் பாடத்திட்டத்தை முடித்து, திருவிழா நாட்களில் ஒரு நாளைக்கு ஒரு இருபது புள்ளிக் கேள்வி என்று மட்டும் வைத்துக்கொண்டால் செப்டெம்பரும் சரிவரும்.

மாதத்துக்குள்ளும் பள்ளங்கள் உண்டு. சம்பளத்தில் கழிக்கும் வருமானவரியான ஏபிஐடி 15ஆம் திகதிக்குள், ஊழியர் சேமலாப நிதி மாத முடிவுக்குள். சம்பளக் கணக்கு உங்கள் கையில் என்றால் அந்த நாட்களைச் சுற்றி முன்கூட்டியே வெறுமையாக விடுங்கள். வெறுமையென்று எழுதிய நாளில் படிக்காதது தோல்வியில்லை. எழுதிய திட்டத்தை முறித்ததுதான் அடுத்த நாளையும் கெடுக்கும்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது, மற்ற நாட்டுக்காரருக்கு இல்லை: மாதம் ஒரு போயா (பௌர்ணமி) லீவு. மூன்று மாதத்தில் மூன்று. அந்த மூன்றையும் முழு மாதிரிப் பரீட்சைக்கு எழுதி வையுங்கள். மூன்று மணித்தியாலம் எழுத்து, மூன்று மணித்தியாலம் திருத்தம். முதலாவதில் 30 வந்தால் பயப்பட வேண்டாம், பாடத்திட்டம் பாதிதான். மூன்றாவதில் 45க்குக் கீழே நின்றால் கடைசிக் கிழமைகளில் புதிய பாடத்தைத் தொடாமல் தெரிந்ததை மட்டும் கூராக்குங்கள்.

லீவையும் அப்படியே முன்கூட்டிப் பங்கிடுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருடாந்த லீவு 14 நாள், அமைய லீவு 7. ஒரு ஆண்டில் இரண்டு சிட்டிங் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள் ஒதுக்கலாம். பரீட்சைக் கிழமையில் கேட்டால் கிடைக்காது. பதிந்த அன்றே எழுத்தில் கொடுங்கள்.

"ஒரு சிட்டிங்கில் இரண்டு தாள் போட்டு இரண்டும் போச்சு"

விதிப்படி நான்கு வரை போடலாம். முழுநேர வேலையோடு ஒன்று, மிஞ்சினால் கணக்குத் தாள் ஒன்றும் சட்டம் போன்ற இலேசான தாள் ஒன்றும். பிஎம், எஃப்எம் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் "ரெண்டும் கணக்குத்தானே" என்பார்கள். அதனால்தான் சேர்க்கக்கூடாது, ஒரே களைப்பு இரண்டிலும் விழும். கட்டணம் பவுணில் போகிறது. பிந்திய பதிவுக்குக் கூடப் போகும். ஒரு தாளை வீணாக எழுதிப் பார்ப்பது சின்னச் செலவில்லை.

பெயிலான தாளை உடனே அடுத்த சிட்டிங்கில் எழுதுவதா? 40க்கு மேல் என்றால் ஓம், சூடு ஆறுவதற்குள். பெறுபேறு வர ஆறு கிழமையளவு ஆகும், அதுவரை சும்மா இராமல் பிழைக் கொப்பியைத் தொடருங்கள். 30க்குக் கீழ் என்றால் ஒரு சிட்டிங் விட்டு, அடித்தளத் தாளில் எது ஓட்டை என்று பாருங்கள். எஃப்ஆரில் 28 எடுத்தவருக்கு ஓட்டை அனேகமாக எஃப்ஏயில்தான். பழைய புத்தகம் வாங்கும்போது பாடத்திட்ட ஆண்டைப் பாருங்கள். அது செப்டெம்பரில் தொடங்கி ஓகஸ்டில் முடிவது, பழசைப் படித்துப் புதுசை எழுதப் போகாதீர்கள். மேல்நிலைத் தாள்களுக்கு ஏழு ஆண்டு எல்லை உண்டு. அந்த மேல்நிலைத் தாள்களில் முதலாவதைப் பாஸ் பண்ணிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

"கொழும்புக்குப் போய் எழுத வேண்டியிருக்கு, போய்ச் சேரவே களைப்பு"

பதியும்போதே பரீட்சை நிலையம் எந்த ஊர் என்று பாருங்கள். கொழும்பு என்றால் இரவு பஸ்ஸில் ஏறி விடிய வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே பரீட்சைக்குப் போகிற வேலை வேண்டாம். இரவு முழுக்கக் குலுங்கிய தலையில் 54 நிமிடத்துக்குள் பதினைந்து கேள்வி ஓடாது. முதல் நாள் பகல் ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் பின்னேரம் போய்ச் சேருங்கள். டிசெம்பர் சிட்டிங் என்றால் இரண்டு நாள் முதல், வடகீழ்ப் பருவ மழையில் வெள்ளம் வீதியையும் தண்டவாளத்தையும் மறிக்கக்கூடும். தங்கும் இடத்திலிருந்து நிலையத்துக்கு முதல் நாளே ஒருக்கால் போய் வாருங்கள், காலை நெரிசலில் எவ்வளவு நேரம் என்று தெரியும்.

பையில் அனுமதிச் சீட்டின் அச்சுப் பிரதி, அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் மூலப்பிரதி, நிரலிட முடியாத சாதாரண கல்குலேற்றர். ஏசிசிஏ பதிவிலுள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்பதை ஒரு மாதம் முதலே பார்த்துத் திருத்துங்கள். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்று எழுதும் நமக்கு இது அடிக்கடி மாறிப்போகும். ரயிலில் புதிய பாடம் பிரிக்க வேண்டாம். பிழைக் கொப்பியின் கடைசி இருபது வரி போதும், மாங்குளம் தாண்ட முதல் முடிந்துவிடும்.